சித்திரைக்காகக் குருவிப் பெட்டிகளைக் கழற்ற வேண்டாம்: எங்கள் குடியிருப்போர் நலச்சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

சென்ற வாரம் ஒவ்வொரு பிளாக்கிலும் லிப்டுக்கு அருகே தங்கள் சுற்றறிக்கை ஒட்டப்பட்டது. வளாகத் தோட்டத்திலும் கட்டடச் சுவர்களிலும் மாட்டியிருக்கும் குருவிப் பெட்டிகள் அனைத்தும் சித்திரைத் திருவிழாவுக்கு முன்னதாக ஒரே நாளில் கழற்றப்படும், உள்ளே உள்ள கூடுகள் அகற்றி எரிக்கப்படும், பெட்டிகள் பினாயில் ஊற்றிக் கழுவப்பட்டுப் பூச்சிமருந்து தெளிக்கப்படும், பிறகு ஒரே நிறத்தில் எனாமல் பெயின்ட் அடித்துத் திருவிழா முடிந்ததும் மீண்டும் மாட்டப்படும் என்று அது அறிவிக்கிறது. இந்த முடிவைக் கைவிட வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். செயலாளர் அவர்களிடம் நேரில் சொன்னபோது, பலர் கேட்டுக்கொண்டதால் எடுத்த முடிவு என்றும், மறுப்பு இருந்தால் எழுதித் தருமாறும் சொன்னார். எழுதித் தருகிறேன். கேட்டுக்கொண்ட அந்தப் பலரும் படிக்க வேண்டும் என்பதால் திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

பெட்டிகளைச் சுத்தம் செய்யவே கூடாது என்பது என் வாதம் அல்ல. அவற்றைச் சுத்தம் செய்ய ஓர் ஏற்பாடு வேண்டும் என்று பொதுக்குழுவில் எழுந்து பேசியவர்களில் நானும் ஒருவன். மார்ச் 20-ஆம் தேதி, உலகச் சிட்டுக்குருவி நாளன்று, மேடை போட்டு, விருந்தினர்களை அழைத்து, குழந்தைகள் கையில் பெட்டிகளைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படம் சங்க அலுவலகச் சுவரில் சட்டமிட்டுத் தொங்குகிறது. படத்தில் இருக்கும் பெட்டிகளில் ஒன்று இன்று அடிப்பலகை இல்லாமல் நீச்சல்குளத்துச் சுவரில் தொங்குகிறது. மாட்டிய நாளுக்குப் பிறகு அவற்றைத் திறந்து பார்க்க ஒரு ஆளையோ, ஒரு ஏணியையோ, ஒரு ரூபாயையோ சங்கம் ஒதுக்கவில்லை. அவ்வளவு காலம் தொடாமல் விட்டுவிட்டு, இப்போது ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்கிக் கழுவுவதைப் பராமரிப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

தங்களுக்கு வந்த புகார்கள் பொய்யானவை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். பி பிளாக்கில் இரண்டு வீடுகளில் ஜன்னல் விளிம்பிலும் படுக்கையிலும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத பொடிப்பூச்சிகள் ஊர்ந்தன என்பதும், பிள்ளைகளின் கை கால்களில் சிவந்த தடிப்பு வந்தது என்பதும் உண்மை. அந்தச் சுவரில் நானே ஏணி வைத்துப் பார்த்தேன். கோழி வளர்ப்பவர்கள் செள் என்று சொல்லும் பூச்சியின் வகைதான் அது. குருவிக் கூட்டிலும் வளரும், குஞ்சுகளின் இரத்தத்தைக் குடித்தே வாழும். குஞ்சுகள் கூட்டில் இருக்கும்வரை அதற்கு வெளியே வர வேண்டிய தேவை இல்லை. குஞ்சுகள் பறந்துபோய்க் கூடு வெறுமையான பிறகுதான் இரை தேடி வெளியேறி, பக்கத்து ஜன்னல் வழியாக வீட்டுக்குள் இறங்குகிறது. ஆகவே அந்த இரண்டு வீட்டாரும் பட்ட தொல்லைக்குக் காரணம் குருவி வந்து தங்கியது அல்ல. குஞ்சுகள் போன பிறகு காலிக் கூட்டை யாரும் எடுக்காமல் விட்டதுதான். குஞ்சுகள் பறந்த சில நாட்களுக்குள் அந்தப் பழைய கூட்டை எடுத்திருந்தால், பூச்சியும் கூட்டோடு போயிருக்கும். ஒரு பெட்டி ஒரு மாதம் கவனிப்பின்றி இருந்ததற்கு, எல்லாப் பெட்டிகளிலும் இருக்கும் எல்லாக் குஞ்சுகளையும் பதில் சொல்ல வைப்பது எந்த வகையில் நியாயம் என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்போது பெட்டிகளுக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சுற்றறிக்கை எழுதியவர்கள் பார்த்ததாகத் தெரியவில்லை. பங்குனி பிறந்ததிலிருந்து நம் வளாகத்தில் பாதிக்கும் மேற்பட்ட பெட்டிகளில் குருவிகள் குடியிருக்கின்றன. சிலவற்றில் வைக்கோலும் தேங்காய் நாரும் போய்க்கொண்டிருக்கின்றன. சிலவற்றில் அடைகாத்தல் நடக்கிறது. விளையாட்டுத் திடலை ஒட்டிய வரிசையில், புழுவைக் கவ்வியபடி தாயும் தந்தையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறி மாறி நுழைகின்றன. சிட்டுக்குருவி பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து முட்டைகள் இடும். அடைகாக்க ஏறத்தாழ 12 நாட்கள், பொரித்த குஞ்சு பறக்க மேலும் இரண்டு வாரங்களுக்குச் சற்றுக் கூடக்குறைய என்று கணக்கிட்டால், முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பெட்டியை விட்டு வெளியேறுவது வரை ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிறது. குஞ்சுகளை வெளியே அனுப்பிய அதே இணை, ஒரு வாரம் பத்து நாளில் அதே பெட்டியில் அடுத்த முறை முட்டையிடத் தொடங்கிவிடும். தாங்கள் குறித்திருக்கும் நாளில் ஏணி சாய்த்தால், முட்டையோ குஞ்சோ இல்லாத பெட்டி மிகச் சிலவே கையில் அகப்படும்.

சென்ற ஆண்டு என்ன நடந்தது என்பதற்கு ஏ பிளாக்வாசிகள் பலர் சாட்சி. அப்போது சுற்றறிக்கைகூட இல்லை. வெள்ளையடிக்க வந்த ஒப்பந்தக்காரரின் ஆட்கள், சுவரில் இருந்த பெட்டிகளை மேற்பார்வையாளர் சொன்னபடி கழற்றித் தரையில் அடுக்கினார்கள். கூரைப்பலகை ஆணியடித்து மூடப்பட்டிருந்ததால் கடப்பாரையால் நெம்பித் திறந்தார்கள். திறந்த பெட்டிகளில் பாதி உடைந்தன. உள்ளே இருந்தவை குப்பைத் தள்ளுவண்டியில் கொட்டப்பட்டன. இறகு முளைக்காத, கண் திறக்காத குஞ்சுகள் வைக்கோலோடு கலந்து கிடந்ததைத் தோட்டக்காரர்தான் முதலில் கண்டு எங்களைக் கூப்பிட்டார். நாங்கள் எடுத்து வைத்தவற்றில் ஒன்றுகூட மறுநாள் காலை வரை உயிரோடு இல்லை. வாயில் புழுவோடு வந்த பெரிய குருவிகள், பெட்டி இருந்த ஆணியைச் சுற்றி அன்று மாலை வரை பறந்துகொண்டிருந்தன. அதற்குப் பின் அந்தச் சுவருக்குக் குருவிகள் திரும்பி வரவும் இல்லை. அந்த ஆட்களைக் குறை சொல்ல மாட்டேன். யாரும் அவர்களுக்கு எதுவும் சொல்லித் தரவில்லை. ஆனால் அதைத் தெரிந்துகொண்ட பிறகும் அதே வேலையை இந்த ஆண்டு வளாகம் முழுவதற்கும் விரிவாக்குவதைத்தான் என்னால் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

வெளிநாடுகளில் ஆண்டுக்கு ஒருமுறை எல்லாப் பெட்டிகளையும் சேர்த்தே சுத்தம் செய்கிறார்கள் என்று செயற்குழுக் கூட்டத்தில் ஒருவர் சொன்னதாக அறிகிறேன். அவர் சொன்னதில் பாதி சரி. பிரிட்டனில் 1889-இல் தொடங்கப்பட்ட அரச பறவைகள் பாதுகாப்புச் சங்கம் அப்படித்தான் அறிவுறுத்துகிறது. ஆனால் அவர்கள் அதைச் செய்வது இலையுதிர்காலத்தில். அங்கே குளிர் நெருங்கும்போது பறவைகளின் இனப்பெருக்கம் முழுவதுமாக ஓய்ந்துவிடுகிறது; பொரிக்காமல் கிடக்கும் முட்டையை எடுப்பதற்குக்கூட அந்தக் காலத்தில் மட்டுமே அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. நம் ஊரில் குருவிக்கு அப்படி ஓர் ஓய்வுக்காலம் கிடையாது. ஆண்டின் எந்த மாதத்திலும் ஏதாவது ஒரு பெட்டியில் முட்டை இருக்கலாம். அதிலும் பங்குனி, சித்திரை என்பவை நம் வளாகத்தில் ஆகக் கூடுதலாகக் கூடு நிறைந்திருக்கும் மாதங்கள். அவர்கள் வழக்கத்தில் ஆண்டுக்கு ஒருமுறை என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, எந்தக் காலத்தில் என்பதை விட்டுவிட்டோம். அதே சங்கம் கொதிநீரைத் தவிர வேறு எதையும் பெட்டிக்குள் ஊற்ற வேண்டாம், பூச்சிமருந்தோ உண்ணிப்பொடியோ போடவே வேண்டாம் என்றும் சொல்கிறது. அதையும் கூட்டத்தில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது.

பினாயில் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்; ஏனென்றால் நம் வீடுகளில் சுத்தம் என்றாலே பினாயில் வாடை என்று ஆகிவிட்டது. தளத்தில் ஊற்றினால் தண்ணீர் விட்டு அலசிவிடலாம். பச்சை மரப்பலகையோ பிளைவுட்டோ அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காற்றோட்டம் குறைந்த சிறிய பெட்டி மதுரை வெயிலில் சூடேறும்போது அந்த வாடை உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். இறகில்லாத குஞ்சு நாள் முழுவதும் அதில்தான் கிடக்க வேண்டும். பூச்சிமருந்து இன்னும் மோசம். குருவி தானியம் தின்னும் பறவைதான் என்றாலும், குஞ்சுக்கு முதல் நாட்களில் அது ஊட்டுவது பெரும்பாலும் புழுவும் பூச்சியுமே. தோட்டத்தில் மருந்தடித்துப் புழுவைக் கொன்றுவிட்டு, பெட்டியிலும் மருந்தைத் தடவிவிட்டு, தட்டில் குருணையும் தினையும் வைத்தால் அந்தக் குஞ்சு வளராது. எனாமல் பெயின்டைப் பொறுத்தவரை, வெளிப்பக்கம் வெளிர் நிறத்தில் பூசி நன்றாகக் காயவிட்டால் எனக்கு மறுப்பில்லை. உட்பக்கம் வழுவழுப்பாகப் பூசினால் குஞ்சு நகத்தைப் பதித்துத் துவாரம் வரை ஏற முடியாது. சுற்றறிக்கையோடு இணைத்த மாதிரிப் படத்தில் உள்ளும் புறமும் அடர்பச்சை. அடர்நிறம் வெயிலை இழுக்கும் என்பதை மதுரையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரியான முறை கடினமானதோ செலவு பிடிப்பதோ அல்ல. மின்வாரியத்தில் கம்பம் ஏறி இறங்கியே வேலைக்காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன் என்பதால் ஏணி எனக்குப் புதிதில்லை. சி பிளாக் சுவரில் இருக்கும் பெட்டிகளை அந்தப் பிளாக் மக்களின் ஒப்புதலோடு நானும் இரண்டு நண்பர்களும் இப்படித்தான் பார்த்துக்கொள்கிறோம். பெட்டியைத் தொடுவதற்கு முன் தொலைவில் நின்று காலையில் அரைமணி நேரம் பார்ப்போம். அலகில் நாரும் இறகும் போனால் கூடு கட்டுகிறது. புழு போனால் குஞ்சு இருக்கிறது. ஒன்றுமே எடுத்துப் போகாமல் உள்ளே போன பறவை நெடுநேரம் வெளியே வராவிட்டால் அடைகாக்கிறது. இம்மூன்றில் எது இருந்தாலும் ஏணி சாய்ப்பதில்லை. குஞ்சுகள் வெளியேறி, உள்ளே சத்தமும் போக்குவரத்தும் அடங்கிய பிறகு, அடுத்த முட்டைக்கான நார் வந்து சேருவதற்குள் கிடைக்கும் அந்தச் சில நாள் இடைவெளிதான் சுத்தம் செய்யும் காலம். அதைத் தவறவிட்டால் அடுத்த இடைவெளி வரை காத்திருப்போமே தவிர, நம் வசதிக்காகப் பெட்டியைத் திறப்பதில்லை.

திறக்கும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். காய்ந்த எச்சத்தூள் மூச்சில் ஏறினால் நுரையீரலுக்குக் கேடு. அதனால் முதலில் தண்ணீரை லேசாகத் தெளித்துக் கூட்டை நனைத்துக்கொள்வோம். பிறகு கூட்டை அப்படியே பைக்குள் வழித்துப் போட்டு வாயைக் கட்டிவிடுவோம். ஜன்னலுக்குக் கீழே உதறினால் பூச்சி மீண்டும் வீட்டுக்குத்தான் போகும். மூலைகளில் ஒட்டியிருப்பதைப் பழைய கரண்டியால் சுரண்டி, கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றி, வடிந்ததும் வெயிலில் திறந்தபடி கவிழ்த்து வைத்தால் போதும். செள்ளுக்கும் அதன் முட்டைக்கும் கொதிநீர் போதுமானது. ஈரம் காய்வதற்கு நம் ஊர் வெயில் இருக்கிறது. கூரை, கீல், மாட்டும் கம்பி ஆகியவற்றைச் சோதித்து, அதே இடத்தில், அதே திசையில் மீண்டும் மாட்டிவிடுவோம். அன்று மாலைக்குள் பெட்டி சுவரில் இருக்கும். பழைய கூட்டைத் தோட்டத்து மூலையில் குழி தோண்டிப் புதைத்துவிடுகிறோம். எரித்துப் புகைய விட வேண்டிய தேவையே இல்லை.

எடுத்த கூடுகளில் என்ன இருக்கிறது என்பதைச் செயற்குழு ஒருமுறை வந்து பார்க்கலாம். வைக்கோல், கோரை, தென்னைநார், கோழி இறகு, பஞ்சு ஆகியவற்றோடு நைலான் நூலும், பட்டம் விட்ட மாஞ்சா நூலும், சிமெண்டுச் சாக்குப் பிரியும் நிறையவே வருகின்றன. காலில் நூல் சுற்றிக்கொண்டு பறக்க முடியாமல் பெட்டிக்குள்ளேயே காய்ந்து கிடந்த குஞ்சை எடுத்திருக்கிறேன். பழைய கூட்டை எடுக்காமல் விட்டால் அதன் மேலேயே புதுக்கூடு எழும்பும்; மெத்தை உயர உயரக் குஞ்சுகள் துவாரத்தின் விளிம்புக்கு வந்துவிடும்; காகமும் பூனையும் எட்டிப் பிடிக்க அது போதும். ஐப்பசி மழையில் நனைந்த பழைய கூடு பூஞ்சை பிடித்து, கட்டெறும்பு ஏறி, அடுத்த ஆண்டு எந்தக் குருவியும் எட்டிப் பார்க்காத பெட்டியாகிவிடும். நம் வளாகத்தில் காலியாகக் கிடக்கும் பெட்டிகளில் பல இப்படி ஆனவைதான். குருவி வரவில்லை என்று குறைப்படுகிறவர்கள் அந்தப் பெட்டிகளைத் திறந்து பார்க்க வேண்டும்.

திறந்து பார்ப்பது எப்படி என்பதுதான் அடுத்த சிக்கல். சங்கம் வாங்கிய பெட்டிகள் எல்லாவற்றிலும் கூரை ஆணியடித்து மூடப்பட்டிருக்கிறது. திறக்க முடியாத பெட்டியைச் சுத்தம் செய்யவே முடியாது என்பது அதை வாங்கியபோது யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் பிளாக் பெட்டிகளுக்கு ஆசாரி ஒருவரிடம் சொல்லிக் கூரைப்பலகையில் ஒரு கீலும் பக்கவாட்டில் ஒரு கொண்டியும் வைத்துக்கொண்டோம். அடிப்பலகையின் நான்கு மூலையிலும் தண்ணீர் வடியச் சிறு துளைகள், கூரைக்குச் சற்றுக் கீழே காற்றுக்கு இரண்டு துளைகள், உட்பக்கத்தில் குஞ்சு ஏறுவதற்கு உளியால் கீறிய சில கோடுகள், அவ்வளவுதான். துவாரம் 32 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் சிட்டுக்குருவிக்குப் போதும், மைனா நுழையாது. துவாரத்துக்குக் கீழே அழகுக்காக நட்டிருக்கும் குச்சியைப் பிடுங்கிவிட்டோம். குருவிக்கு அது தேவையில்லை. காகத்துக்குத்தான் உட்கார வசதி.

பெட்டிகளை மாட்டியிருக்கும் இடங்களையும் இந்தச் சந்தர்ப்பத்தில் சரிசெய்ய வேண்டும். நுழைவாயில் சாலையின் இருபுறமும் மரக்கிளைகளில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட பெட்டிகள் காற்றில் ஆடுகின்றன. அவற்றில் குருவி தங்கி நான் பார்த்ததே இல்லை. விளக்குக் கம்பங்களில் தகரக்கூரையோடு மேற்கு நோக்கி மாட்டியவை பிற்பகலில் கைவைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கின்றன. கத்திரி வெயிலில் அதற்குள் குஞ்சு பிழைக்காது. வடக்குக்கும் கிழக்குக்கும் இடைப்பட்ட திசையை நோக்கி மாட்டச் சொல்லும் வெளிநாட்டுக் குறிப்புகளையும் அப்படியே பின்பற்ற முடியாது. நமக்கு மழை கொண்டுவருவதே வடகிழக்குப் பருவக்காற்று. வெயிலுக்கு வடக்குச் சுவர், மழைக்கு மேலே சன்ஷேடு என்று இரண்டும் சேர்ந்த இடமே நம் ஊருக்கு ஏற்றது. பழைய ஓட்டு வீடுகளில் இறவாணத்து இடுக்கிலும் மீட்டர் பெட்டிக்குப் பின்னாலும் குருவி தேடிப் போனது இத்தகைய இடங்களைத்தான்.

பம்ப் அறைக்குப் பக்கத்து வேம்பில் இருக்கும் பெரிய பெட்டியைத் தனியே குறிப்பிட வேண்டும். அதில் இருப்பது புள்ளி ஆந்தை இணை. இரவில் அதன் குரல் கேட்டு அபசகுனம் என்று அஞ்சுபவர்கள் சிலர் அதையும் பட்டியலில் சேர்க்கச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். தோட்டத்து எலியையும் கரப்பானையும் வண்டையும் விலையில்லாமல் பிடிக்கும் பறவையை விரட்டிவிட்டு, எலிக்கு மருந்து வைக்க ஒப்பந்தம் போடும் அளவுக்குச் சங்கத்தில் நிதி மிகுந்திருக்கிறதா என்று பொருளாளர் அவர்கள் சொல்லலாம். சி பிளாக் பின்புறப் பெட்டியில் ஒரு குண்டுக்கரிச்சான் இணை இருக்கிறது. விடியற்காலையில் பாடுவது அதுதான். அணில் பிடித்துக்கொண்ட பெட்டிகள் சில உண்டு. அவற்றை அணிலுக்கே விட்டுவிடலாம். குளவிக் கூடு இருக்கும் பெட்டிகளை மட்டும் அனுபவமுள்ள ஆள் வைத்து எடுக்க வேண்டும். அதில் சங்கத்தின் அச்சம் நியாயமானது.

சட்டத்தையும் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே, காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும், முட்டைகளையோ கூடுகளையோ கலைப்பதும் அடங்கும். நாளும் நேரமும் குறித்து, கையொப்பமிட்டு, முத்திரை வைத்து ஒரு சங்கம் வெளியிடும் சுற்றறிக்கை, நாளை யாராவது வனத்துறையிடம் முறையிட்டால் தற்செயலாக நடந்துவிட்டது என்று சொல்ல இடம் தராது. நான் மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. முறையிடும் எண்ணமும் இந்த நிமிடம் வரை எனக்கு இல்லை.

நம் பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதும் தங்களுக்கு நினைவிருக்கும். 2020-இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்கு சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை கூடு கட்டி முட்டையிட்டபோது, அந்த ஊர் மக்கள் குஞ்சு பொரித்துப் பறக்கும் வரை ஒரு மாதத்துக்கும் மேலாகத் தெருவிளக்கைப் போடாமல் இருட்டில் நடந்தார்கள். அதே மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய ஊர்களில் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அவ்வளவு பெரிய இழப்பு எதையும் நான் கேட்கவில்லை. திருவிழாவுக்கு வரும் உறவினர்கள் பார்க்கும்போது பெட்டிகள் ஒரே நிறத்தில் இல்லாமல் இருந்தால் நமக்கு ஒரு குறையும் வந்துவிடாது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் நம் வளாகத்தில் யாரும் பெட்டியின் பெயின்டைப் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை.

செல்போன் கோபுரங்களால் குருவி இனமே அழிந்துகொண்டிருக்கும்போது பத்துப் பெட்டிகளால் என்ன ஆகிவிடும் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். 2020-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, பெருநகரங்களில் குருவி குறைந்திருந்தாலும் நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது என்று கூறியது. கோபுரக் கதிர்வீச்சுக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றும், பூச்சிகள் குறைவதும் கூடு கட்ட இடம் இல்லாமல் போவதும் காரணங்களாக இருக்கலாம் என்றும் சொன்னது. இடுக்கே இல்லாத கான்கிரீட் சுவர்களை எழுப்பியவர்கள் நாம். கூடு கட்ட இடம் தருவது நம் கையில் இருப்பதால்தான் அந்தப் பெட்டிகளைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆகவே செயற்குழுவிடம் நான் கேட்பவை இவை. முதலாவதாக, குறிப்பிட்ட சுற்றறிக்கையை எழுத்து மூலமாகத் திரும்பப் பெற்று, அது ஒட்டப்பட்ட ஒவ்வோர் இடத்திலும் அந்த அறிவிப்பை ஒட்ட வேண்டும். ஒப்பந்தக்காரருக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தால் அதையும் ரத்து செய்ய வேண்டும். பெட்டிகள் ஒவ்வொன்றுக்கும் எண் இட்டு, சங்க அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைத்து, கூடு கட்டுதல், அடைகாத்தல், குஞ்சு வளர்ப்பு, காலி என்று வாரம் ஒருமுறை நிலை எழுதப்பட வேண்டும். காலி என்று எழுதப்படாத எந்தப் பெட்டியையும் வெள்ளையடிப்பு, குழாய் வேலை, கேபிள் வேலை உள்பட எந்தக் காரணத்துக்காகவும் யாரும் தொடக் கூடாது என்று மேற்பார்வையாளருக்கு எழுத்தில் உத்தரவு தர வேண்டும். பெயின்டுக்கும் பூச்சிமருந்துக்கும் ஒதுக்கிய தொகையைக் கீல், கொண்டி, ஆசாரி கூலி ஆகியவற்றுக்கு மாற்றி, காலியாகும் பெட்டிகளாகப் பார்த்து ஒவ்வொன்றாகத் திறக்கும் கூரைக்கு மாற்ற வேண்டும். பெட்டிகளுக்குள் பினாயிலும் பூச்சிமருந்தும் கூடாது என்பதைத் தீர்மானமாகவே நிறைவேற்ற வேண்டும். கிளைகளில் ஆடும் பெட்டிகளையும் கம்பங்களில் மேற்கு நோக்கிய தகரக்கூரைப் பெட்டிகளையும், அவற்றில் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, புரட்டாசி முடிவதற்குள், மழைக்கு முன்பாக, வடக்குச் சுவர்களுக்கு மாற்ற வேண்டும். பி பிளாக்கில் பூச்சித் தொல்லை வந்த இரண்டு வீட்டாரின் ஜன்னலை ஒட்டிய இரண்டு பெட்டிகளை, அவை காலியாக இருக்கும் இந்த வாரத்திலேயே எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். அந்த வேலையைச் செலவின்றிச் செய்து தர நானும் என் நண்பர்களும் ஆயத்தமாக இருக்கிறோம், ஏணி அறையின் சாவி மட்டும் வேண்டும்.

இன்றைய நிலையில் முட்டையோ குஞ்சோ இருக்கும் பெட்டிகளின் இடங்களைக் குறித்த வரைபடம் ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை செயற்குழுக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொண்டு, முடிவை அன்று மாலைக்குள் அறிவிப்புப் பலகையில் எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்துக்கு அழைத்தால் வந்து விளக்கமும் தருவேன், எடுத்து வைத்த பழைய கூடுகளில் ஒன்றையும் கொண்டுவருவேன்.

இப்படிக்கு,
சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர்
அழகர்கோவில் சாலை, மதுரை